பழைய பதிவுகளும் பறிபோன வேலையும்: ஜேம்ஸ் கன்னை டிஸ்னி நீக்கியது சரியா?

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, தன் இரவு நேர நிகழ்ச்சியை நடத்தும் ஜிம்மி கிம்மலைத் திடீரென நிறுத்தி வைத்தது. வலதுசாரிப் பிரமுகர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி கிம்மல் பேசிய சில வார்த்தைகளே காரணம். அரசின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் வெளிப்படையாக எச்சரித்தார். சில பெரிய நிலையக் குழுமங்கள் நிகழ்ச்சியை ஒளிபரப்ப மாட்டோம் என்றன. செப்டம்பர் 17 அன்று நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி, செப்டம்பர் 23 அன்று மீண்டும் வந்துவிட்டது.

ஏபிசியின் உரிமையாளர் டிஸ்னி. ஒருவரை அவசரமாக வெளியே அனுப்பிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் திரும்ப அழைப்பது அந்த நிறுவனத்துக்குப் புதிதல்ல. 2018-இல் தன் வெற்றிப் பட இயக்குநர் ஜேம்ஸ் கன்னையும் இப்படித்தான் நீக்கியது. எட்டு மாதங்களுக்குள் அதே பணிக்கு மீண்டும் அழைத்தது. அந்த ஜேம்ஸ் கன்தான் 2025 ஜூலையில் வெளியான 'சூப்பர்மேன்' படத்தின் இயக்குநர். அமெரிக்காவின் நட்பு நாடு ஒன்று, ஆயுதமற்ற ஏழை அண்டை நாட்டின் மீது படையெடுக்கும் காட்சிகளைப் பார்த்து உலகெங்கும் பலர் காஸாவை நினைத்துக்கொண்டனர். அந்த நோக்கத்தில் எழுதவில்லை என்று கன் மறுத்தார். ஆனாலும் அந்தப் படத்தின் வழியாக அவர் பெயர் நம் வீட்டு இளைஞர்களிடமும் அறிமுகமாகிவிட்டது.

ஹாலிவுட் இயக்குநர் ஒருவரின் வேலை போனதும் வந்ததும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒருவர் என்றோ எழுதிய பதிவைத் தோண்டி எடுத்து, அவருடைய முதலாளிக்கு அனுப்பி, வேலையைப் பறிக்கும் முறை இன்று உலகம் முழுவதும் பழக்கமாகிவிட்டது. ஃபலஸ்தீனுக்காகப் பேசியவர்கள் மீது அது பாய்ந்திருக்கிறது. முஸ்லிம்களை இழிவாகப் பேசியவர்கள் மீது நம்மவர்களும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எனவே எப்போது அது நியாயம், எப்போது அநியாயம் என்று தெளிவாக இருப்பது நமக்கும் அவசியம். அதற்கு கன் விவகாரம் நல்ல உதாரணம்.

நடந்தது என்ன?

ஜேம்ஸ் கன் ட்ரோமா என்ற சிறு நிறுவனத்தில் தொடங்கியவர். அருவருப்பும் அதிர்ச்சியும்தான் அந்த நிறுவனப் படங்களின் முதலீடு. அங்கிருந்து திரைக்கதை ஆசிரியராகி, இயக்குநராகி, டிஸ்னிக்குச் சொந்தமான மார்வெல் நிறுவனத்தில் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தை இயக்கினார். 2014-இல் வெளியான முதல் பாகம் உலக அளவில் சுமார் 77 கோடி டாலரும், 2017-இல் வெளியான இரண்டாம் பாகம் சுமார் 86 கோடி டாலரும் வசூலித்தன. மூன்றாம் பாகத்துக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன.

அப்போது அதிபராக இருந்த டிரம்பை கன் ட்விட்டரில் தொடர்ந்து கடுமையாக விமர்சித்து வந்தார். 2018 ஜூலையில் டிரம்ப் ஆதரவு வலதுசாரிகளான மைக் செர்னோவிச் உள்ளிட்ட சிலர் கன்னின் பழைய ட்வீட்களைத் தேடி எடுத்துப் பரப்பினர். ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை அவை. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையையும், பாலியல் வன்முறையையும் 'ஜோக்' ஆக்கிய வரிகள் அவற்றில் இருந்தன. இங்கே எழுதத் தகாதவை.

ஓரிரு நாட்களில், 2018 ஜூலை 20 அன்று, டிஸ்னி ஸ்டூடியோவின் தலைவர் ஆலன் ஹார்ன் கன்னை நீக்கிவிட்டதாக அறிவித்தார். அந்தப் பதிவுகளை நியாயப்படுத்த முடியாது, அவை எங்கள் விழுமியங்களுக்குப் பொருந்தாதவை என்பது அறிவிப்பின் சாரம். கன் மறுக்கவில்லை. அதிர்ச்சி தருவதற்காக எழுதித் தோற்றுப்போன வரிகள் அவை, பல ஆண்டுகளாக வருந்துகிறேன், முழுப் பொறுப்பும் என்னுடையது, நிறுவனத்தின் முடிவையும் புரிந்துகொள்கிறேன் என்ற பொருளில் அறிக்கை விட்டார்.

ஜூலை 30 அன்று படத்தின் முக்கிய நடிகர்கள் ஒன்பது பேர் கன்னுக்கு ஆதரவாகப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். அவரை மீண்டும் நியமிக்கக் கோரிய இணைய மனுவில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். அக்டோபரில் போட்டி நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் கன்னை அழைத்துக்கொண்டது. 2019 மார்ச் 15 அன்று, டிஸ்னி அவரை மூன்றாம் பாகத்துக்குத் திரும்ப நியமித்துவிட்ட செய்தி வெளியானது. 2023 மே மாதம் வெளியான அந்தப் படமும் சுமார் 84 கோடி டாலர் வசூலித்தது. அதற்கு முன்பே, 2022 இறுதியில், வார்னர் குழுமத்தின் டிசி ஸ்டூடியோவுக்கு இணைத் தலைவராகிவிட்டார் கன்.

டிஸ்னி பக்க நியாயம்

டிஸ்னியின் முடிவை ஆதரிப்பவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. பெற்றோராக இருப்பவர்களுக்கு அது இன்னும் நன்றாகவே புரியும்.

முதலாவது, டிஸ்னி குழந்தைகளை நம்பி வாழும் நிறுவனம். அதன் படங்கள், பொம்மைகள், பூங்காக்கள் எல்லாமே பெற்றோர் தரும் நம்பிக்கையில் ஓடுகின்றன. குழந்தைகள் மீதான கொடுமையைச் சிரிப்புப் பொருளாக்கிய ஒருவரைத் தன் முகமாக வைத்துக்கொள்ள முடியாது என்று அப்படிப்பட்ட நிறுவனம் சொன்னால், அதில் தவறு காண்பது கடினம். 'ஜோக்தானே' என்ற சமாதானம் போதாது. பாதிக்கப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்கும் ஜோக்குக்கும் குற்றவாளியைப் பார்த்துச் சிரிக்கும் ஜோக்குக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கன் எழுதியவை பெரும்பாலும் முதல் வகை.

இரண்டாவது, காலச்சூழல். 2017 அக்டோபரில் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான குற்றச்சாட்டுகள் வெளிவந்து, மீடூ இயக்கம் ஹாலிவுட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. பெரிய மனிதர்களின் தவறுகளை ஸ்டூடியோக்கள் பல ஆண்டுகள் மூடி மறைத்தன என்பதே அன்றைய குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் மௌனம் காத்திருந்தால், மீண்டும் மூடி மறைக்கிறார்கள் என்ற பழி வந்திருக்கும்.

மூன்றாவது, சமநீதி. அதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்கள் முன்பு, மே 29 அன்று, டிஸ்னியின் ஏபிசி தொலைக்காட்சி நடிகை ரோஸன் பாரின் வெற்றித் தொடரை நிறுத்தியிருந்தது. ஒபாமாவின் ஆலோசகராக இருந்த வேலரி ஜாரட் என்ற கறுப்பினப் பெண்ணைக் குரங்குப் படத்தோடும் 'முஸ்லிம் பிரதர்ஹுட்' அமைப்போடும் சேர்த்து ரோஸன் ட்வீட் செய்ததே காரணம். அவர் டிரம்ப் ஆதரவாளர். எங்கள் ஆளை நீக்கினீர்களே, உங்கள் ஆளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று வலதுசாரிகள் கேட்டனர். ஒரே அளவுகோல் வேண்டும் என்ற அந்தக் கேள்வி, கேட்டவர்களின் நோக்கம் எதுவானாலும், நியாயமான கேள்விதான்.

தவறு எங்கே நடந்தது?

இவ்வளவுக்குப் பிறகும், டிஸ்னி செய்த விதம் தவறு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாக எதுவும் தெரியவரவில்லை. கன்னின் ட்விட்டர் பக்கம் யாரும் பார்க்கக்கூடியதாகவே இருந்தது. ட்ரோமா பின்னணியும் அனைவரும் அறிந்தது. 2012-இல், முதல் படத்துக்கு அவர் இயக்குநராக அறிவிக்கப்பட்ட பிறகு, பெண்களையும் வேறு பிரிவினரையும் இழிவுபடுத்தும் அவருடைய பழைய வலைப்பதிவு ஒன்று சர்ச்சையானது. அப்போதே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அப்படிப்பட்டவரிடம் இரண்டு படங்களைக் கொடுத்து, மொத்தம் 160 கோடி டாலருக்கு மேல் வசூல் பார்த்துவிட்டு, 2018-இல்தான் அவர் பேச்சு தெரியவந்தது போல அதிர்ச்சி அடைவது நேர்மையான நிலைப்பாடாக இல்லை.

விசாரணையும் இல்லை. ட்வீட்கள் பரவியதற்கும் நீக்கத்துக்கும் இடையே இருந்தது ஓரிரு நாட்கள். அவர் மீது எந்தச் செயல் குற்றச்சாட்டும் இல்லை. யாரையும் துன்புறுத்தியதாக யாரும் புகார் கொடுக்கவில்லை. அந்த எழுத்துக்குப் பிறகு அவர் மாறினாரா, உடன் பணிபுரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டிருந்தால் டிஸ்னி திவாலாகியிருக்காது.

இதே டிஸ்னி இன்னொரு விவகாரத்தில் நடந்துகொண்ட விதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிக்சார் அனிமேஷன் பிரிவின் தலைவர் ஜான் லாசெட்டர் மீது, ஊழியர்களை அவர்கள் விரும்பாத விதத்தில் தொட்டுப் பழகினார் என்ற புகார்கள் வந்தன. தன்னிடம் தவறுகள் நடந்ததாக அவரே எழுதி ஒப்புக்கொண்டு, 2017 நவம்பரில் ஆறு மாத விடுப்பில் சென்றார். 2018 ஜூனில் அவர் விலகுவார் என்று அறிவித்தபோதும், ஆண்டு முடியும் வரை ஆலோசகராக நீடிப்பார் என்றது டிஸ்னி. செயல் பற்றிய புகாருக்கு ஓராண்டுக்கும் மேல் அவகாசம்; பத்தாண்டுப் பழைய சொல்லுக்கு ஒரே நாளில் கதவடைப்பு. இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையே இருந்தது சில வாரங்கள்தான். எனவே அளவுகோல் விழுமியமா, அல்லது இணையத்தில் எழுந்த கூச்சலின் அளவா என்ற கேள்வி எழுகிறது.

தோண்டியவர்கள் யார் என்பதும் முக்கியம். செர்னோவிச், 2016-இல் 'பீட்சாகேட்' என்ற கட்டுக்கதையைப் பரப்பியவர்களில் ஒருவர். வாஷிங்டனில் உள்ள ஒரு பீட்சா கடையில் அரசியல் தலைவர்கள் குழந்தைகளைக் கடத்தி வைத்திருப்பதாகச் சொன்ன பொய் அது. அதை நம்பிய ஒருவர் துப்பாக்கியுடன் அந்தக் கடைக்குள் நுழைந்து சுட்டார். எனவே கன்னின் ட்வீட்களைப் பரப்பியவர்களுக்குக் குழந்தைகள் மீது வந்த திடீர் அக்கறை என்று அதை நம்புவதற்கில்லை. அரசியல் எதிரியை வீழ்த்த ஆயுதம் தேடினார்கள், கிடைத்தது. கெட்ட நோக்கத்தோடு சொல்லப்பட்டதாலேயே உண்மை பொய்யாகிவிடாது. ட்வீட்கள் கன் எழுதியவைதான். ஆனால் பகைவன் கொண்டுவரும் சாட்சியம் என்றால் ஒருமுறைக்கு இருமுறை நிதானித்துப் பார்க்க வேண்டும். டிஸ்னி அந்த நிதானத்தைக் காட்டவில்லை.

திரும்ப அழைத்தது எதைக் காட்டுகிறது?

எட்டு மாதத்தில் ட்வீட்கள் மாறவில்லை. ஜூலையில் நியாயப்படுத்த முடியாதவையாக இருந்தவை மார்ச்சிலும் அப்படியே இருந்தன. கன் மன்னிப்புக் கேட்ட விதமும், நீக்கப்பட்ட பிறகு நிறுவனத்தைத் திட்டாமல் நடந்துகொண்டதும் ஆலன் ஹார்னை மனம் மாறச் செய்ததாகச் சொல்லப்பட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அந்த மன்னிப்பு நீக்கப்பட்ட நாளிலேயே வெளிவந்ததுதானே? அன்றே அதைக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கன்னுக்கு ஆதரவாக உலகப் புகழ்பெற்ற நடிகர்கள் நின்றார்கள். அவருடைய திரைக்கதை பயன்படுத்தப்படாவிட்டால் தன்னை விடுவிக்கச் சொல்வேன் என்றார் டேவ் பாடிஸ்டா. போட்டி நிறுவனம் வாசலில் காத்திருந்தது. வசூல் கணக்கும் கண்ணெதிரே இருந்தது. இந்த நான்கும் இல்லாத ஒரு ஒளிப்பதிவு உதவியாளரோ, அலுவலக எழுத்தரோ இதே காரணத்துக்காக நீக்கப்பட்டிருந்தால் மார்ச் மாதம் யாரும் தொலைபேசியில் அழைத்திருக்க மாட்டார்கள். மன்னிப்பு என்பது அதிகம் சம்பாதித்துத் தருபவருக்கு மட்டும் கிடைக்குமானால், அதை மன்னிப்பு என்று சொல்வதை விட வியாபாரம் என்று சொல்லலாம்.

டிஸ்னியின் மற்ற முடிவுகளும் இதையே சொல்கின்றன. நாஜிகள் கால யூதர்களின் நிலையோடு இன்றைய அமெரிக்க அரசியலை ஒப்பிட்டுப் பதிவிட்டதற்காக 2021 பிப்ரவரியில் நடிகை ஜீனா கரானோவை டிஸ்னியின் லூகாஸ்ஃபிலிம் கைவிட்டது. ஈலான் மஸ்க் உதவியுடன் அவர் 2024-இல் வழக்குத் தொடுத்தார். 2025 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. அடுத்த மாதமே கிம்மல் விவகாரம். இடதுசாரிகள் கோபப்பட்டால் ஒருவர், வலதுசாரிகள் கோபப்பட்டால் இன்னொருவர். எதிர்க் கோபம் வலுத்தால் மறுபடியும் வரவேற்பு. இதில் கொள்கை இருக்கும் இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நம்மைத் தொடும் இடம்

2023 நவம்பரில் நடிகை மெலிஸ்ஸா பரேரா, 'ஸ்க்ரீம்' திரைப்பட வரிசையின் அடுத்த படத்திலிருந்து நீக்கப்பட்டார். காஸாவில் நடப்பது இனப்படுகொலை என்ற பொருளில் அவர் சமூக வலைதளத்தில் பதிவுகள் இட்டிருந்தார். யூத வெறுப்பைச் சகிக்க மாட்டோம் என்று தயாரிப்பு நிறுவனம் ஸ்பைகிளாஸ் விளக்கம் சொன்னது. எல்லா வகை வெறுப்பையும் கண்டிப்பதாகவும், ஆனால் மௌனம் தனக்கு ஒரு தெரிவு அல்ல என்றும் பரேரா பதில் சொன்னார். அதே மாதம், மூத்த நடிகை சூசன் சரண்டனை அவருடைய முகவர் நிறுவனம் கைவிட்டது. ஃபலஸ்தீன் ஆதரவுக் கூட்டத்தில், யூதர்கள் இப்போது உணரும் அச்சத்தை இந்த நாட்டு முஸ்லிம்கள் எப்போதும் உணர்கிறார்கள் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். தன் சொல்லாட்சி தவறு என்று பிறகு அவர் வருத்தம் தெரிவித்தார்.

நம் நாட்டில் இதே முறை வேலையோடு நிற்கவில்லை, சிறை வரை சென்றது. ஆல்ட் நியூஸ் இணை நிறுவனர் முஹம்மது ஜுபைர் 2022 ஜூன் 27 அன்று டெல்லி போலீசாரால் கைது செய்யப்பட்டார். காரணம், 2018-இல் அவர் இட்ட ஒரு ட்வீட். அதில் இருந்ததோ 1983-இல் வெளியான ஒரு இந்திப் படத்தின் காட்சி. நான்கு ஆண்டுகள் யாருக்கும் புண்படாத அந்தப் பதிவு, நபிகள் நாயகத்தைப் பற்றிய நூபுர் ஷர்மாவின் பேச்சை அவர் அம்பலப்படுத்திய சில வாரங்களில் திடீரென்று புண்படுத்தியது. அடுத்தடுத்த வழக்குகளால் மூன்று வாரங்களுக்கு மேல் காவலில் இருந்த அவரை ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீனில் விடுவித்தது.

கன்னின் ட்வீட்களையும் ஜுபைரின் ட்வீட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னவை அருவருப்பானவை, பின்னதில் தவறே இல்லை. ஆனால் எடுத்தவர்கள் கையாண்ட முறை ஒன்றுதான். பேசுபவரின் இன்றைய பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாதபோது, அவருடைய நேற்றைய பேச்சைத் தோண்டுவது. இந்த முறை சரி என்று ஓரிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த இடத்தில் அது நம் மீது வரும்போது தடுக்க நமக்கு வார்த்தை இருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா பரவலுக்கு முஸ்லிம்களே காரணம் என்ற வெறுப்புப் பிரச்சாரம் உச்சத்தில் இருந்தபோது, வளைகுடாவில் வேலை பார்த்த இந்தியர்கள் சிலர் முஸ்லிம்களை மிகக் கேவலமாகப் பதிவிட்டனர். ஸ்கிரீன்ஷாட்கள் அவர்களுடைய நிறுவனங்களுக்குச் சென்றன. சிலர் வேலை இழந்தனர். நம்மில் பலர் அதை வரவேற்றோம். அது தவறா? அந்தப் பதிவுகள் பழையவை அல்ல, அன்றன்று எழுதப்பட்டவை. ஒரு சமுதாயம் முழுவதும் தெருவில் அடிவாங்கும் அபாயம் இருந்த நேரத்தில் அந்தத் தீயில் எண்ணெய் ஊற்றியவை. புகார் கொடுத்தது நியாயம். ஆனால் அதே உற்சாகத்தில், பக்கத்து மேசையில் இருப்பவர் கல்லூரி நாளில் எழுதிய பதிவைத் தேடி எடுத்து அவருடைய சம்பளத்தை நிறுத்தப் பார்ப்பது நியாயமாகாது. பகை நீதியைக் கைவிடச் செய்யக் கூடாது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இதுபோன்ற ஒரு விவகாரம் வரும்போது, நீக்கு என்றோ நீக்காதே என்றோ கூவுவதற்கு முன்பு கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, குற்றச்சாட்டு செயலைப் பற்றியதா, சொல்லைப் பற்றியதா? செயல் என்றால் பாதிக்கப்பட்டவர் இருப்பார். அவருக்கு நீதி வேண்டும். சொல் என்றால் அது என்ன விளைவை உண்டாக்கியது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு, அது இன்றைய பேச்சா, பல ஆண்டுகளுக்கு முந்தையதா? பழையது என்றால், அதற்குப் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார்? வருந்தித் திருந்தியவரை அவருடைய பழைய குற்றத்தைச் சொல்லிக் குத்திக்காட்டுவதை நாம் எந்த வீட்டிலும் அனுமதிப்பதில்லை.

மூன்று, அந்தச் சொல் யாரைக் குறிவைத்தது? ரோஸனின் ட்வீட் ஒரு குறிப்பிட்ட பெண்ணை, அவருடைய நிறத்தை வைத்து இழிவுபடுத்தியது. முஸ்லிம் அடையாளத்தையும் வசைச்சொல்லாக்கியது. முதலில் மன்னிப்புக் கேட்டவர் பிறகு தூக்க மாத்திரையைக் காரணம் காட்டினார். பரேராவின் பதிவோ கொல்லப்படுகிறவர்களுக்காக எழுந்த குரல். இரண்டுக்கும் ஒரே தண்டனை என்றால் அதில் நீதி இல்லை.

நான்கு, குற்றம்சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா? ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜமாஅத்தை நாம் மதிப்போமா? கோடிக்கணக்கில் பணம் புழங்கும் நிறுவனம் என்பதால் அதற்கு மட்டும் விலக்குத் தர வேண்டியதில்லை.

ஐந்து, தண்டனை தவறின் அளவுக்குப் பொருந்துகிறதா? கண்டிப்பு, பகிரங்க மன்னிப்பு, சில மாத இடைநீக்கம் என்று இடையில் எத்தனையோ படிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் வேலைநீக்கம் ஒன்றே மருந்து என்றால், சிறு தவறு செய்தவரும் பெரும் தவறு செய்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இந்தக் கேள்விகளை கன் விவகாரத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. சொல் மட்டுமே, பழையது, எழுதியவர் மறுக்காமல் வருந்தினார், முறையான விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை, இடைப்பட்ட தண்டனை எதுவும் யோசிக்கப்படவில்லை. மூன்றாவது கேள்வியில் மட்டும் விடை அவருக்கு எதிராக இருக்கிறது. தனிமனிதர் யாரையும் அவர் குறிவைக்கவில்லை என்றாலும், கொடுமைக்கு ஆளான குழந்தைகளின் வலி அவருக்கு வேடிக்கையானது. அதற்காக டிஸ்னி கோபப்பட்டதும் கண்டித்ததும் சரி. படத்தைத் தள்ளிவைத்து விசாரித்து, குழந்தைகள் பாதுகாப்புக்காகப் பணியாற்றுபவர்களின் கருத்தையும் கேட்டு முடிவெடுத்திருந்தால், நீக்கினாலும் வைத்துக்கொண்டாலும் அந்த முடிவை மதித்திருக்கலாம். ஒரே நாளில் நீக்கியது தவறு. அந்தத் தவறை விளக்காமலேயே திரும்ப அழைத்துக்கொண்டது இரண்டாவது தவறு. ட்வீட்களால் உண்மையாகவே புண்பட்ட பெற்றோருக்கும் அதில் பதில் இல்லை, அநியாயமாக நீக்கப்பட்டார் என்று கருதியவர்களுக்கும் பதில் இல்லை.

வீட்டில் பேச வேண்டியது

ஐடி துறையிலும் வளைகுடாவிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும் முன் சமூக வலைதளப் பக்கங்களைப் பார்ப்பது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. பதினேழு வயதில் நண்பர்களைச் சிரிக்க வைக்க எழுதிய ஒரு வரி, முப்பது வயதில் குடும்பத்தின் வருமானத்தை நிறுத்திவிடலாம். இதைப் பிள்ளைகளிடம் மிரட்டலாகச் சொல்லாமல், கன்னின் கதையைப் போல ஓர் உதாரணத்தோடு சொன்னால் மனதில் பதியும்.

பழைய பதிவுகளில் வெட்கப்படும்படி ஏதாவது இருந்தால் இப்போதே நீக்கிவிடலாம்; யாரையாவது புண்படுத்தியிருந்தால், பிறர் கண்டுபிடிக்கும் முன்பே அவரிடம் வருத்தம் சொல்லிவிடலாம். அடுத்தவரின் பழைய ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், அது எந்த ஆண்டு எழுதப்பட்டது, முழுப் பதிவு என்ன, யார் இப்போது அனுப்புகிறார்கள், ஏன் இப்போது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பெரும்பாலான நேரங்களில் அந்த நான்கு கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே அது நூறு குழுக்களுக்குப் போய்விடுகிறது.

அதே நேரம், அநீதியைக் கண்டு பேசினால் வேலை போகும் என்று பயந்து நம் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. பரேரா தெரிந்தே பேசினார், விலையும் கொடுத்தார். அப்படிப் பேசுபவர் தனியே விடப்படுகிறாரா, அல்லது அவர் பக்கம் நிற்க ஆள் இருக்கிறதா என்பது மற்றவர்கள் கையில் இருக்கிறது. கன்னுக்காக ஒன்பது நடிகர்கள் பெயர் போட்டுக் கடிதம் எழுதினார்கள். நம் ஊரிலோ நிறுவனத்திலோ ஒருவர் நியாயமான பேச்சுக்காக வேலையை இழந்தால், நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதவும், தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் அவரை அழைத்துச் செல்லவும், அடுத்த வேலை கிடைக்கும் வரை அவர் வீட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ளவும் அந்த ஊர் ஜமாஅத்தும் சங்கமும் முன்வர வேண்டும்.